சுவரில் ஓடிய பாதாள சாக்கடை

கோவில்பதாகை பக்கம் ஒரு நகர். முன்பு வயலாக இருந்து பிறகு மனையானது. நல்ல மழை பெய்தால் மறுபடியும் வயலாகிவிடும். அதில் ஒரு தெருவுக்குப் பாதாள சாக்கடை வரப்போகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னதோடு நிற்காமல் ரோட்டையும் தோண்டினார்கள். வரப்போகும் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளத்தில், ஏற்கெனவே இருந்த சாக்கடை வந்து தங்கிக்கொண்டது.

அந்தத் தெருவில் இருந்துகொண்டுதான் ரேகா ஒலிக்கலையை வளர்த்தாள். செல்போனில் காசு கட்டிக் கதை கேட்கிறவர்களுக்குத் தொடர்கதை வாசிப்பது அவள் வேலை. குரலில் ஒரு குறையும் இல்லை. அறைதான் எதிரி. நாலு மொட்டைச் சுவர், கீழே வழுவழுவென்று டைல்ஸ். அவள் "அத்தான்" என்றால் அறை தன் பங்குக்கு இன்னும் இரண்டு முறை "அத்தான், அத்தான்" என்றது. "கதாநாயகிக்கு மொத்தம் எத்தனை அத்தான்?" என்று கம்பெனி கேட்டது. எக்கோ போகாவிட்டால் அடுத்த தொடர் வேறு ஆளுக்கு என்றும் சொல்லிவிட்டது.

முட்டை அட்டையை ஒட்டிப் பார்த்தாள். கரப்பான் குடிவந்ததே தவிர எக்கோ காலி செய்யவில்லை. கடைசியில் ஒரு வீடியோவில் வழி கிடைத்தது. பிவிசி பைப்பைக் குட்டையும் நெட்டையுமாக அறுத்து, வாய் வெளியே தெரியும்படி பலகையில் நெருக்கி ஒட்டிச் சுவரில் மாட்ட வேண்டும். போய் முட்டுகிற சத்தம் அப்படியே திரும்பி வராமல் நாலா பக்கமும் சிதறிவிடுமாம். அவளும் கணவன் கோபியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறுத்தார்கள், ஒட்டினார்கள். சுவர் தேன்கூடு மாதிரி ஆனது. ரேகா நடுவில் நின்று "அத்தான்" என்றாள். ஒரே ஒரு அத்தான்தான் கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர்வீட்டு வரலட்சுமிக்கோ வயிறு எரிந்தது. மினி வேனில் பைப் வந்து இறங்கியதை அவள் பார்த்திருந்தாள். அந்தத் தெருவில் பைப் இறங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. ஊருக்கெல்லாம் வராத கனெக்‌ஷனை இவள் மட்டும் வாங்கிவிட்டாள்! மறுநாளே மனு போயிற்று.

மனுவின்பேரில், இணைப்புக் கண்காணிப்புப் பிரிவின் ஆய்வாளர் தமிழரசு நேரில் எழுந்தருளினார். அது எந்த அலுவலகத்தின் பிரிவு என்று அவருக்கே தெளிவாகத் தெரியாது. சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் அவர் விசாரிக்கவும் இல்லை. சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? எங்கேந்து வருது, எங்க போவுது?"

"எங்கியும் போவாது சார். எக்கோ வராம இருக்கறதுக்கு வச்சிகீறோம். இதுல தண்ணியே கெடையாது."

"எங்க ஆபீஸ் பைப்புலகூடத்தான் தண்ணி கெடையாது. அதுக்காக அது பைப் இல்லேன்னு ஆயிடுமா?"

கோபி குறுக்கே வந்தான். "சார், இவ பேசுவா. அந்தச் சத்தம் பைப்புக்குள்ள பூந்து செதறிடும். அவ்ளோதான்."

"பேசி முடிச்ச சத்தமா?"

"ஆமா சார்."

"அதாவது, உபயோகிச்ச சத்தம்."

"அப்டியும் சொல்லலாம் சார்..."

"உபயோகிச்சது எதுவா இருந்தாலும் அது கழிவு. கழிவு பைப்புக்குள்ள போனா அது கழிவு இணைப்பு. பர்மிஷன் எங்க?"

'மேற்படி இல்லத்தில் உபயோகித்த ஒலியானது, உரிய அனுமதியின்றிக் குழாய்களின் வழியே வெளியேற்றப்படுவது கள ஆய்வில் கண்டறியப்பட்டது' என்று எழுதிக்கொண்டார். குழாய் வாய் ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு என்பதால் எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கை இருநூறைத் தாண்டியபோது அவர் முகம் மலர்ந்தது. அந்தத் தெருவில் வீடுகளே ஐம்பதுக்குள்தான். வருஷம் முடிவதற்குள் இணைப்பு இலக்கை எட்டச் சொல்லி மேலிடம் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டே வழிம்மா," என்றார், குரலில் பாசம் வந்துவிட்டது. "இப்பவே எல்லாத்தையும் பேத்து எடுக்கணும். இல்லாட்டி வரன்முறைப்படுத்திக்கலாம். ஒரு கையெழுத்துதான்."

பெயர்த்தால் வேலை போய்விடும். ரேகா கையெழுத்துப் போட்டாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தெருவாவது, சாக்கடையாவது!

முத்திரை குத்திய இணைப்புச் சான்றிதழ் வந்தது. அதைப் பார்த்த வரலட்சுமிக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த வாரமே அவள் ஹாலில் டிவியைச் சுற்றிப் பைப் சுவர் எழும்பியது. கேட்டால், "அயகுக்கு" என்றாள். பக்கத்து வீட்டுத் துலுக்கானம் தன் பைப்புக்கெல்லாம் தங்கக் கலர் அடித்தார். 'வாடகைக்கு விடப்படும், பைப் சுவர் உண்டு' என்று போர்டுகள் தொங்கின. மாமியார் பேச்சில் பாதி பைப்புக்குள் போய்விடுகிறது என்று ஒரு மருமகள் சொல்ல, மீதி வீடுகளும் மாட்டிக்கொண்டன. தமிழரசு வீடு வீடாக வந்து எண்ணினார், மோர் குடித்தார், சான்றிதழ் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் ரேகாவிடமே வந்தார். "ஆட்டோல மைக் கட்டி ஒரு அறிவிப்பு போடணும்மா. ஒன் கொரல்தான் சுத்தமா கீது."

அரசாங்கமே தேடி வந்ததில் ரேகாவுக்கு உச்சி குளிர்ந்தது. தாளை வாங்கித் தன் அறை மைக்கில் வாசித்துப் பதிவு செய்தாள்.

"அன்பார்ந்த பொதுமக்களே! தங்கள் தெருவில் அனைத்து வீடுகளுக்கும் தேவைக்கு அதிகமான இணைப்புகள் வழங்கப்பட்டு, பாதாள சாக்கடைப் பணி இனிதே நிறைவுற்றது. இயந்திரங்கள் அடுத்த தெருவுக்கு அனுப்பி வைக்கப்படுகின்றன. கழிவுநீர் லாரிகள் இனி இத்தெருவினுள் நுழையத் தடை விதிக்கப்படுகிறது."

லாரி என்ற இடத்தில் அவளுக்குப் பகீரென்றது. தெருவில் எல்லா வீட்டுக் கழிவுத் தொட்டியையும் காலி செய்வதே அந்த லாரிதான். ஆனாலும் நிறுத்தவில்லை. அதுவரை வாசித்தது அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஆட்டோ தெருவுக்குள் வந்தது. பள்ளத்துத் தண்ணீரில் செங்கல் போட்டு நின்றுகொண்டு ஜனங்கள் கேட்டார்கள். "இன்னா கிளியரா கீது பாரேன், கொஞ்சங்கூட எக்கோ இல்ல!" என்று வரலட்சுமி கன்னத்தில் கை வைத்தாள். ஆட்டோ திரும்பி வந்தபோதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. மொத்தத் தெருவும் தமிழரசுவின் மேஜைக்கு ஓடியது.

அவர் பதறவே இல்லை. "இதுக்குப் போயி ஏன் கத்தறீங்க? அல்லா ஊட்லயும் அந்தப் பைப்பைக் கழட்டிடுங்க. இணைப்பு இல்லாத தெருன்னு எழுதிடறேன், திட்டம் தானா திரும்பி வரும். ஒரு ஊடுகூட பாக்கி இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

இவ்வளவு சுலபமா என்று எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள். தெருமுனை வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

"மொதல்ல ரேகா கழட்டட்டும். அவதான ஆரம்பிச்சா," என்றாள் வரலட்சுமி.

"எனக்கு அது பொழப்பு, அக்கா. ஒனக்கு அயகுதான? நீ கழட்டேன்."

"ஏன், என் ஹால் மட்டும் மொட்டையா நிக்கணுமா?"

"கலர் அடிச்சி ஒரு மாசங்கூட ஆவல," என்று துலுக்கானம் தன் நிலைப்பாட்டைத் தெரிவித்தார்.

யாரும் கழற்றவில்லை. பைப்பே வாங்காத அடுத்த தெருவில் பாதாள சாக்கடை வேலை மளமளவென்று நடந்து முடிந்தது. இந்தத் தெருவில் பள்ளம் பொங்கி வாசற்படி ஏறியது. ரேகா கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். மூக்கைப் பிடித்தால் குரல் மாறிவிடும் என்பதால் பிடிக்கவில்லை. 'மல்லிகை மணம் தவழ்ந்த அந்த மாலை வேளையில்...' என்று வாசிக்க ஆரம்பித்தாள். நல்லவேளை, நாற்றம் மைக்கில் பதிவாவதில்லை.