சேபா குடித்த தண்ணீர்

திங்கட்கிழமை காலை, மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே எலியேசர் ஒரு சபதம் செய்தார். வெறும் வாயால் அல்ல. மேஜை மேல் இருந்த வேதாகமத்தின் மீது கை வைத்துச் செய்தார். சத்தியம் பண்ண வேண்டாம் என்று அந்தப் புத்தகத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அவசரத்தில் யார் திறந்து பார்க்கிறார்கள்?

“சனிக்கிழமைக்குள்ள சேபாவுல தண்ணி எங்க போகுதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன். இல்லேன்னா சாவி உன் கையில. நீ வித்தாலும் சரி, பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் சரி.”

“இடது கைய வச்சிருக்கீங்களே, செல்லுமா?” என்றாள் அமலராணி.

“வலது கையில சட்னி.”

“சரி, செல்லும்னே வச்சுக்கலாம்.” அவள் நாலாவது இட்லியைத் தட்டில் வைத்தாள்.

டாக்டர் சொன்ன மூன்றுக்கு மேல் ஒரு துண்டு வைக்காதவள். அந்த நாலாவது இட்லியை எலியேசர் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பாவம், மனுஷர் தின்றுவிட்டார்.

சேபா என்பது அவருடைய கார். சிவப்பு நிறம். இருபத்தாறு வயது. இரண்டே சீட்டு. கூரையைப் பின்னால் மடித்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். எங்கோ வெளிநாட்டில் பிறந்து, யார் யாரிடமோ வளர்ந்து, கடைசியில் முடிச்சூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கார். எலியேசர் ஓய்வு பெற்றதும், ஆயுசில் முதல் தடவையாகத் தனக்கென்று வாங்கிக்கொண்ட பொருள் அது. சேபாவின் ராஜஸ்திரீ என்று வேதாகமத்து ராணி ஒருத்தியின் பெயரை வைத்தார். வீட்டில் ஏற்கெனவே ஒரு ராணி இருப்பது அன்றைக்கு அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஓட்டுநர் சீட்டில் அவர். பக்கத்து சீட்டில் டூல்பாக்ஸ். டூல்பாக்ஸுக்கு சீட் பெல்ட்டும் போட்டுவிடுவார்.

ராஜஸ்திரீக்கு ஒரே ஒரு குறை. தாகம். எஞ்சினைக் குளிர வைக்கும் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் இரண்டு நாளில் காணாமல் போகும். தண்ணீர் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். போன ஞாயிறு ஆராதனை முடிந்து சபையே வெளியே வருகிற நேரம் பார்த்து, ஆலய வாசலில் முள் சிவப்புக்கு ஏறி, முன்பக்கமெல்லாம் ஆவி. மோசேயைச் செருப்பைக் கழற்ற வைத்த எரிகிற முட்செடி மாதிரி நின்றது கார்.

“எலியேசர் பிரதர், செருப்பைக் கழற்றிடட்டுமா?” என்று கேட்டார் பாடகர் குழு பிரிட்டோ. சபை மொத்தமும் சிரித்தது.

சிரிப்பைத் தாங்கியிருப்பார். ஆனால் அவர் செய்த வேலை அப்படிப்பட்டது. குடிநீர் வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் பூமிக்கடியில் குழாய் கசிகிற இடத்தைக் கண்டுபிடித்தவர். நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார். ஆறடிக்குக் கீழே ஒரு சொட்டு விழுந்தாலும் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருடைய சொந்தக் காரில் கசிவு! அடுத்த ஞாயிறு வேறு சிங்கப்பெருமாள் கோவிலில் மகள் ஜோசலினின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அங்கே சேபாவில் போய் இறங்க வேண்டும். பிரிட்டோவும் வருவார்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பித்தது. கூலன்ட் டப்பாவை நிரப்பி, பகல் ஒரு மணிக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டார். 2015 வெள்ளத்தில் தண்ணீர் ஏற ஏற வீட்டுச் சுவரில் கோடு போட்டதும் அவர்தான். காருக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். பிறகு சாப்பிட்டுவிட்டு, பின் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தார். அவருடைய மத்தியானத் தூக்கம் தெருவில் பிரசித்தம்.

நாலரைக்கு எழுந்து பார்த்தால், தண்ணீர் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அட்டை காய்ந்துகிடந்தது. பானெட்டைத் தொட்டார். சுரீர் என்றது.

“மே மாசம்! ஷீட்டுக்குக் கீழ நிக்கிற வண்டியே இப்படிக் கொதிக்குதே அமலா!”

“ஆமாங்க, வெயில் ரொம்ப அதிகம்,” என்றாள் அமலராணி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் கோட்டை விட்டு அசையவில்லை. புதன்கிழமை மறுபடி இரண்டு விரற்கடை. வியாழக்கிழமை அசையவில்லை. அதற்குள் ரேடியேட்டர் மூடியை மாற்றினார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ஹோஸ் குழாய்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்தார். பழைய காது கம்பியைப் பரணிலிருந்து இறக்கி, எஞ்சின் மேல் ஊன்றிக் கண்ணை மூடிக் கேட்டார். நிற்கிற எஞ்சின் என்ன பேசும்?

தெருமுனை மெக்கானிக் தயாளனைக் கூப்பிட்டார்.

“தயாளா, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி போகுது. எங்க வாரியத்து சப்ளை மாதிரியே!”

தயாளன் காரைப் பார்த்தான். வாசலில் நின்ற அமலராணியைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“சார், நிக்கிற வண்டி தண்ணி குடிக்காது சார். ஓடுனாத்தான் குடிக்கும்.”

“ஓடவே இல்லையேப்பா. ஞாயித்துக்கிழமையிலேருந்து நான் சாவியைத் தொடலை.”

“நீ தொடல சார். ரைட்டு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா சார், பேஜாரு. நான் கடையைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன்,” என்று தயாளன் போயே போய்விட்டான்.

எலியேசர் யோசித்தார். திங்கள், புதன். கணக்குப்படி வெள்ளியும் இறங்க வேண்டும். ஆக, வெள்ளிக்கிழமை மத்தியானம் தூங்குவதில்லை. போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு, கண்ணெதிரே தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடுவது.

“நல்ல யோசனைங்க,” என்றாள் அமலராணி. “உக்காந்திருக்கத் தெம்பு வேணுமில்ல? சாப்பிட்டுட்டு உக்காருங்க.”

வெள்ளிக்கிழமை அவள் சேனைக்கிழங்கு வறுவல் செய்தாள். மோர்க்குழம்பு செய்தாள். அப்பளம் பொரித்தாள். எந்தப் பண்டிகையும் இல்லாத நாளில் சேமியா பாயசம் இரண்டு டம்ளர். எலியேசர் காது கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, காருக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார். தெரு முழுக்க வெயில். ஷீட்டுக்குக் கீழே மெல்லிய காற்று. கண்ணைக் கொஞ்சம் மூடினால் காது கூர்மையாகும் என்று நினைத்தார்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கார் இல்லை.

நாற்காலி இருந்தது. கம்பி இருந்தது. அட்டை மடக்கிச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் டூல்பாக்ஸ். காரைத்தான் காணோம். அமலராணியைச் செல்போனில் கூப்பிட்டார். எடுத்தது பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள்.

“இன்னா சாரே?”

“கங்கையம்மா! அமலா எங்க? காரைக் காணோம்! எவனோ தள்ளிக்கிட்டுப் போயிட்டான்!”

“காரு எங்கயும் போவல சாரே. நாங்க அதுக்குள்ளதான் குந்திகினு கீறோம்.”

“என்னது? அமலாகிட்ட குடுங்க!”

“அவங்க ஓட்டிகினு கீறாங்க. ஓட்டறப்ப போன் பேச மாட்டாங்க. மண்ணிவாக்கம் திருப்பம் வருது, நீ வையி.”

எலியேசர் நாற்காலியில் உட்கார்ந்தார். கங்கையம்மாளுக்குத் தோள்பட்டை இறுகிப்போய், திங்கள், புதன், வெள்ளி கூடுவாஞ்சேரியில் பிசியோதெரபி. அமலராணி துணைக்குப் போகிறாள். இது அவருக்குத் தெரியும். திங்கள், புதன், வெள்ளி. ஆறடி ஆழத்துச் சொட்டைக் கேட்டவருக்கு இது கேட்கவில்லை.

நாலு மணிக்குத் தெருமுனையில் சிவப்பு தெரிந்தது. எஞ்சின் அங்கேயே அணைந்தது. வெள்ளத்துக்குப் பிறகு மேடாக்கிக் கட்டிய வீடு. வாசலிலிருந்து தெருவுக்குச் சரிவு. போகும்போது பிரேக்கை விட்டால் கார் சத்தமில்லாமல் தானே இறங்கும். வரும்போது ஏற்றத்துக்கு ஆள் வேண்டும். யாரும் கூப்பிடாமலே தயாளன் கடையிலிருந்து ஓடி வந்து பின்னால் கை கொடுத்தான். எதிர்வீட்டு வைத்தீஸ்வரனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பாதிச் சரிவில் தயாளன் நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னா சார், இன்னிக்கி முழிச்சுகினியா?”

அமலராணி இறங்கினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். வண்டிக்குள் முன்னால் அவளுடைய கத்தோலிக்க ஜெபமாலை தொங்கியது. நல்ல பெண்பிள்ளை, முகத்தில் பயமும் இருந்தது, மறைக்காத சந்தோஷமும் இருந்தது.

“லைசென்ஸ்?” என்றார் எலியேசர்.

“இருக்குங்க. ஜோசலின்தான் டிரைவிங் ஸ்கூல்ல சேத்துவிட்டா.”

“எத்தனை நாளா நடக்குது?”

“தவக்காலம் ஆரம்பிச்சதுலேருந்து. ரெண்டு மூணு மாசம் இருக்கும்.”

“என்கிட்ட பொய் சொல்லிட்டியே அமலா!”

“எப்பங்க சொன்னேன்? கங்கையம்மாவோட கூடுவாஞ்சேரிக்குப் போயிட்டு வரேன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் போனேன். எதுல போறேன்னு நீங்க கேக்கலை.”

உண்மைதான். கேட்கவில்லை.

“ஆனாலும் மனசு உறுத்துச்சு. எங்க ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்.”

“ஃபாதருக்கும் தெரியுமா! என்ன சொன்னாரு?”

“இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டாரு.”

கங்கையம்மாள் சீட்டிலிருந்தபடியே குரல் கொடுத்தாள். “சாரே, தண்ணி எங்க போவுதுன்னு ஒரு வாரமா தேடறியாமே? ஊரப்பாக்கம் தாண்டுனா பாயசம் காச்சற மாதிரி கம்முனு வாசனை வருது. அங்கதான் போவுது.”

“தண்ணி பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டைங்க,” என்றாள் அமலராணி. “உள்ள இருக்கிற சீல் தேஞ்சுபோச்சு. எஞ்சின் நல்லா சூடாகி அரைமணி ஓடினாத்தான் சொட்டும். சொட்டறதும் அந்தச் சூட்டுலயே ஆவியாயிடும். வீட்டுல நிக்கறப்ப அட்டை போட்டா எப்படித் தெரியும்?”

“ஏன் சொல்லலை?”

“சொன்னேங்க. புதன்கிழமை சாயங்காலம், ‘ஓடறப்ப பாருங்க’ன்னு ரெண்டு தரம் சொன்னேன். நீங்க காதுல கம்பி வச்சிருந்தீங்க.”

தயாளன் இருமினான். வைத்தீஸ்வரன் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு நழுவினார்.

எலியேசர் சட்டைப்பையைத் தடவினார். சாவி அங்கே இல்லை, அவள் கையில்தான் இருந்தது. கொடுப்பதற்குக்கூட ஒன்றுமில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சேபா வீட்டுக்கு வந்த அன்று அமலராணி ஊதா நிறப் புடவை கட்டி, பூ வைத்து, வாசலில் வந்து நின்றாள். “ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?” என்றாள். அவர் பக்கத்து சீட்டைக் காட்டி, “டூல்பாக்ஸ் இருக்கே, இடம் இல்லையே,” என்றார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு சமைத்தாள். இரண்டு வருடம். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இவரும் கேட்கவில்லை. ஒரு டப்பாவுக்கு பெல்ட் மாட்டி, மண்ணிவாக்கமும் வண்டலூரும் சுற்றிக் காட்டியிருக்கிறார்.

“வண்டி உன்னுதுதான் அமலா,” என்றார். “சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

“விக்க மாட்டேங்க,” என்றாள் அவள். “எனக்கும் பிடிச்சுப்போச்சு.”

சனிக்கிழமை தயாளன் பம்பை மாற்றினான். எலியேசர் விளக்குப் பிடித்தார். அன்று முழுக்க அவருக்கு ஒரே யோசனை. ஞாயிறு காலை அமலராணி ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். வழியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீட்டில் வைத்துக் கேட்க வெட்கமாக இருந்தது. கார் ஓடுகிற சத்தத்தில் கேட்டுவிடலாம்.

ஞாயிறு விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டார். முதல் வேலையாக டூல்பாக்ஸின் பெல்ட்டைக் கழற்றி, அதைத் தூக்கி வெளியே வைத்தார். சீட்டைத் துணியால் துடைத்தார். அமலராணி அந்த ஊதாப் புடவையில் வந்தாள். அவள் பின்னாலேயே, புதுக் கண்ணாடியும் மல்லிகைப்பூவுமாகக் கங்கையம்மாள் வந்து, துடைத்த சீட்டில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எலியேசர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“அப்ப நான்?”

அமலராணி நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

“இடம் இல்லையேங்க. போன வாரமே அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஒன்பது மணிக்கு தாம்பரத்துலேருந்து செங்கல்பட்டு ட்ரெயின் இருக்கு. வரும்போது அந்த டூல்பாக்ஸை எடுத்துட்டு வந்துடுங்க, நடுவழியில நின்னா வேணுமில்ல?”