பதினாலாம் கட்டு

தமிழ்செல்வியின் விரல்கள் அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தன. முந்தின நாளே ஊறப்போட்ட கொட்டை. ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப்போய்ச் சட்டியில் விழும். சில பருப்பு சட்டியில் விழாது. அடுப்புக்கடியில் போகும். பாப்பாவின் வாயில் போகும். ஒரு குழம்புக்கு எத்தனை பருப்பு பிதுக்க வேண்டும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியிருந்தால் அதற்கப்புறம் அந்தக் குழம்பை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

வேலை விரலுக்குத்தான். கண்ணுக்கு இல்லை. அதனால் கண் படித்துக்கொண்டிருந்தது.

எதிரே தரையில் ஒரு தாள்கட்டு விரிந்து கிடந்தது. பறக்காமல் இருக்க ஒரு மூலையில் உப்பு டப்பா, இன்னொரு மூலையில் பாப்பாவின் செருப்பு. தமிழ்செல்வி ஆறாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் வரும். உதடு அசையாமல் படிக்கத் தெரியாது. விடிகாலை நாலரைக்கு எழுந்து வீட்டுக்காரருக்குச் சோறு கட்டி அனுப்பியதிலிருந்து அவள் உட்கார்ந்தது இப்போதுதான். உட்கார்ந்ததும் கண் சொக்கும். ஆனால் நாவலில், பங்களாவில் முதலாளியம்மா பாலைக் குடித்துவிட்டுச் சாய்ந்து கிடக்கும்போது எப்படிக் கண்ணை மூடுவது?

அந்த நாவல் வந்த கதை இது. பாகலூர் ரோட்டில் அந்த லைன் வீட்டில் ஐந்து குடித்தனம். முன்பு இருந்த ஒரு குடும்பம் காலி பண்ணிப் போகும்போது பரணில் ஒரு தடித்த புத்தகத்தை விட்டுவிட்டுப் போனது. அட்டை இல்லை. எழுதியவர் பேரும் கதையின் பேரும் அட்டையோடு போய்விட்டன. வீட்டுக்காரம்மா சென்னம்மாள் அதைப் பழைய பேப்பரில் போடப் பார்த்தாள். அவளுக்குக் கன்னடம்தான் படிக்க வரும், தமிழ் பேச மட்டும் வரும். பக்கத்து வீட்டுப் பார்வதி குறுக்கே வந்து தடுத்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பு நோட்டு தைக்கிற கம்பெனியில் இருந்தவள். புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"முழுசா வச்சா ஒருத்திதான் படிக்க முடியும். பிரிச்சா அஞ்சு பேரும் படிக்கலாம்ல" என்றாள். வெங்காயம் நறுக்குகிற கத்தியால் நூலை அறுத்தாள். பதினாலு கட்டாக வந்தது. கட்டுக்கு எட்டுத் தாள், பதினாறு பக்கம். கையில் பிடிக்க வேண்டாம். தரையில் போட்டால் அப்படியே படுத்துக்கொள்ளும்.

சட்டமும் அவளே போட்டாள். ஒரு வீட்டில் ஒரு கட்டு இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். கட்டைத் தொலைத்தவளுக்கு அதோடு சரி, அடுத்த கட்டு கிடையாது. சென்னம்மாளுக்கு மட்டும் முறை வரும்போது யாராவது போய் வாசித்துக் காட்ட வேண்டும். நாலாங்கட்டு வருவதற்குள் முதல் கட்டில் ஐந்து வீட்டுக் குழம்பும் ஏறிவிட்டது. எந்தப் பக்கத்தை எந்த வீட்டில் நிதானமாகப் படித்திருக்கிறார்கள் என்று முகர்ந்தே சொல்லலாம்.

தமிழ்செல்வி ஒன்பதாம் கட்டில் இருந்தாள். நாளைக் காலையில் பார்வதிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கமலக்கண்ணன் கம்பெனியிலிருந்து வந்துவிட்டான். பிரேக் சாமான் செய்கிற கம்பெனி. அதில் ஒரு லைனுக்கு அவன்தான் சூப்பர்வைசர். வீட்டுக்குள் வந்தாலும் லைனை விட்டு வர மாட்டான்.

சட்டியை எட்டிப் பார்த்தான்.

"இன்னா இது?"

"பருப்புங்க."

"இது தோலு."

அவளும் பார்த்தாள். "ஆமாங்க. தோலு."

"அப்ப பருப்பு எங்க?"

குப்பைக்கு வைத்திருந்த முறத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்திருந்தது. "அங்க இருக்குதுங்க."

"எங்க லைன்ல நல்ல பீஸத் தூக்கி ஸ்கிராப்ல போட்டா இன்னா பண்ணுவாங்க தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"நான் வீட்லதான இருக்கறன்."

கமலக்கண்ணன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். "இனிமே இந்த ஊட்ல படிப்பெல்லாம் வேல முடிஞ்சதுக்கப்புறம்தான்."

"சரிங்க. வேல எப்பங்க முடியும்?"

அவன் சாப்பாட்டைப் போடச் சொன்னான்.

மறுநாள் காலையில் அவன் போனதும் தமிழ்செல்வி கட்டைத் தேடினாள். இல்லை. அரிசி டப்பாவில் பார்த்தாள். தூளிச் சேலையை உதறினாள். கேஸ் சிலிண்டரை நகர்த்திப் பார்த்தாள். பாப்பாவின் வாயைத் திறந்துகூடப் பார்த்தாள்.

வாசலில் பார்வதி. "ஒம்பது முடிஞ்சிச்சா தாயி?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குதுக்கா. சாயங்காலம் தந்துடறன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது மடல் சுட்டது. தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வருகிற ஜூனில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். அதற்குள் உதட்டை அசைக்காமல் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு நினைப்பு அவளுக்கு. யாரிடமும் சொன்னதில்லை. கட்டு நின்றால் அதுவும் நின்றுபோகும். அன்று காலையெல்லாம் துணி துவைத்தாள், கூட்டினாள், குழம்பு வைத்தாள். கண்ணுக்கு வேலையில்லாமல் செய்யும்போது ஒவ்வொரு வேலையும் இரண்டு மடங்கு கனத்தது.

மத்தியானம் கமலக்கண்ணன் வந்து பையை வைத்தான். முகத்தில் ஒரு யோசனை. நேரே குளிக்கப் போய்விட்டான். அவள் டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தாள். பாக்ஸுக்கு அடியில், மடித்த துண்டுக்குள், ஒன்பதாம் கட்டு.

கோபம் வந்திருக்க வேண்டும். வருவதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. முதல் பக்கத்து ஓரத்தில் கிரீஸ் கறை. கட்டைவிரல் ரேகை அச்சடித்த மாதிரி. இரண்டாம் பக்கத்திலும் ஒன்று. புரட்டிக்கொண்டே போனாள். பதினாறாம் பக்கம் வரைக்கும் ரேகை இருந்தது. பதினாறாம் பக்கத்தில் இரண்டு.

ஒளித்துவைக்கத்தான் எடுத்துப் போயிருக்கிறான். ஆனால் கம்பெனி பஸ் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். போனில் சார்ஜ் நிற்பதில்லை என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். தமிழ்செல்வி கட்டைக் கொண்டுபோய்ப் பார்வதியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். வழக்கமாக அந்தப் பக்கம் வராதவன்.

"அந்த டாக்டரு நல்லவனா?"

"எந்த டாக்டருங்க? பாப்பாவுக்கு ஊசி போட்டவரா?"

"இல்ல. பொதுவா கேட்டன்."

"பொதுவா டாக்டருங்க நல்லவங்கதாங்க."

போனான். திரும்ப வந்தான். "அப்ப பீரோ சாவிய எதுக்கு எடுத்தான்?"

"எந்தச் சாவிங்க?"

"பஸ்ல பக்கத்து சீட்டுல ஒருத்தன் படிச்சினு இருந்தான். எட்டிப் பாத்தன்."

"பதினாறு பக்கமும் எட்டியாங்க பாத்தீங்க?"

கமலக்கண்ணன் சுவரில் காலண்டரைப் பார்த்தான். "பத்தாவது கட்டு எப்ப வரும்?"

சத்தியமாக அவள் சூழ்ச்சி எதுவும் செய்யவில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. உள்ளதைத்தான் சொன்னாள். "இப்பவே போய் வாங்கியாந்துடுவன். பாத்திரம் கெடக்குதுங்க. அத முடிச்சாத்தான் போவ முடியும்."

கமலக்கண்ணன் பாத்திரம் கழுவினான்.

சட்டிக்கு வெளியே கரி அப்படியே இருந்தது. அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். கட்டு வந்தது. "எனக்கு மொதல்ல குடு" என்றான். "நீங்க படிச்சா பஸ்ல எடுத்தும்போயிடுவீங்க. எனக்கு ரெண்டு நாளுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கறவ. வேல இல்லன்னா சீக்கிரம் முடிப்பன்" என்றாள்.

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். அவள் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாளோ அவ்வளவு சீக்கிரம் அவன் கைக்கு வரும். அவள் நின்றால் லைன் நின்றது. லைன் நிற்கக் கூடாது என்பது அவன் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற பாடம்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததை லைன் வீடே பார்த்தது. கமலக்கண்ணன் குழாயடியில் குடம் பிடித்தான். பாப்பாவைக் குளிப்பாட்டினான், பாப்பா அவனைக் குளிப்பாட்டியது. கொடியிலிருந்து துணி எடுத்து மடித்தான், பாவாடையை எப்படி மடிப்பது என்று தெரியாமல் சுருட்டினான். பக்கத்து வீட்டில் மிக்சி போட்டபோது போய், "கொஞ்சம் மெதுவா அரைங்க, எங்க ஊட்ல படிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

"எந்தப் பிள்ளைக்கு அண்ணே பரீட்சை?" என்று உள்ளிருந்து பார்வதியின் குரல்.

குறுக்கு வழியும் பார்த்தான். ஒருநாள் பார்வதி வீட்டு வாசலில் நின்று, "பதிமூணு நான் முடிக்கறதுக்குள்ள உங்ககிட்ட வந்துடுச்சு. ஒரு அரை மணி நேரம் குடுங்களேன்" என்றான்.

"கட்டு பொம்பளைக கையிலதான் கைமாறும் அண்ணே. உங்க கம்பெனியில கேட்டைத் தாண்டி எங்கள விடுவாகளா?"

திரும்பி வந்து காய் நறுக்கினான்.

பதினாலாம் கட்டுதான் கடைசி. அதில்தான் பாலில் விஷம் வைத்தது யார் என்று வரும். இரண்டு நாள் இரண்டு நாளாகப் போனால் ஐந்தாவது வீட்டுக்காரிக்கு முதல் நாலு பேரும் சொல்லிவிடுவார்கள். அதனால் சட்டத்தை மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, சென்னம்மாள் வீட்டு முன்னால் பாயைப் போட்டு, ஐந்து பேரும் ஒன்றாகக் கேட்பது. அந்த நேரத்தில் யாரும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ஆண்கள் வரக் கூடாது, வந்தால் காலை நீட்டி உட்கார முடியாது.

"வாசிக்கறது தமிழு" என்றாள் பார்வதி.

"நானாக்கா? எனக்குக் கூட்டித்தான் வரும்."

"கூட்டியே படி. நாங்க படிச்சா கடகடன்னு ஓடிப்போயிருது. இந்த அம்மாவுக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

"ஹவுது" என்று தலையாட்டினாள் சென்னம்மாள். "நீ சொன்னா ஒவ்வொரு சொல்லும் எனக்கு நிக்குது."

நாலு பேர் முன்னால் தமிழ்செல்வி வாய் திறந்து படித்ததே இல்லை. ஆறாம் வகுப்பில் டீச்சர் எழுப்பினால்கூடப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

கட்டு அதுவரை சென்னம்மாள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு, ஒருமுறை படித்துப் பழகிக்கொள்கிறேன் என்று வாங்கப் போனாள். அப்போது சென்னம்மாள் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். சொல்லவே கூச்சமாக இருந்தது. சென்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கமலக்கண்ணனுக்கு வார லீவு. வாசலிலேயே நின்றிருந்தான். "பழகத்தான? எனக்குப் படிச்சுக் காட்டிப் பழகு."

"படிக்கலாங்க. ராத்திரிக்குக் களி கிண்டணுமே. தண்ணி கொதிக்குது."

"நான் கிண்டறன். நீ படி."

"களிங்க அது. பாதியில கைய எடுத்தா கட்டி தட்டிரும். அப்புறம் யாரும் வாயில வைக்க முடியாது."

"ஒரு ஷிப்ட்டுக்கு ஆயிரம் பீஸ் எடுக்கறவன் நான். ஒரு சட்டிக் களி கிண்ட மாட்டனா?"

கேழ்வரகு மாவைக் கொட்டினாள். வெந்ததும் சட்டியை இறக்கித் தரையில் வைத்துக் கொடுத்தாள். அவன் துணியைச் சுற்றி, சட்டியை இரண்டு பாதத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டத் தொடங்கினான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தது. தமிழ்செல்வி கதவோரம் நின்றே படித்தாள். பங்களாவில் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சமையல்காரி அழுதாள். டாக்டர் சாவியை மேசையில் வைத்தார். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. ஆனால் தடுக்கவில்லை.

"மேல படி, மேல படி."

வெளியே சென்னம்மாளின் குரல். "தமிழு, மாவு போட்டாயிதா? எல்லாரும் வந்தாச்சு. பேக பா, சீக்கிரம்."

துடுப்பு ஒரு சுற்று நின்றது. "மாவு போட்டாச்சான்னு அந்தம்மா எதுக்குக் கேக்குது?"

"கைய நிறுத்தாதீங்க, கட்டி தட்டிரும்." அவள் கட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

அவன் திரும்பவும் கிண்டினான். காலை எடுத்தால் சட்டி சாயும். கையை எடுத்தால் களி போகும். "தமிழு. பேர மட்டும் சொல்லிட்டுப் போ. ஒரே ஒரு பேரு."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வாசல்படியில் நின்று கட்டைத் திரும்ப எடுத்தாள். விரல் வைத்து வரியைத் தேடினாள். "'பாலில் விஷம் கலந்தது வேறு யாருமில்லை' என்றான் தோட்டக்காரன். 'அது நம்ம'..."

"பேக பா, தமிழு."

"வந்துட்டன்க்கா. ஏங்க, ஆறறதுக்குள்ள உருண்ட புடிச்சு வச்சிருங்க. கையில தண்ணி தொட்டுக்குங்க. அப்பிடியே பாப்பாவுக்கு ஒரு சின்ன உருண்டையா உருட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, கட்டோடு படியிறங்கிப் போனாள்.