மகள் வண்டிக்கு மின்சாரம்

மகளிடம் ஒரு வார்த்தை பேசினால் முடிந்துபோகிற காரியம். அதற்கு ஜமாரிஸ் மின்சார வாரியத்தைக் கூப்பிட்டார், ஜகார்த்தாவிலிருந்து ஒரு கம்பெனியைக் கூப்பிட்டார், ஊர்ச் சபையைக் கூப்பிட்டார். மகளை மட்டும் கூப்பிடவில்லை. ரோஷக்கார மனுஷன், என்ன செய்வது!

மகள் ரஹ்மிக்கு பெக்கான்பாரு நகரத்தில் நர்ஸ் வேலை. அங்கே சுகெங் என்ற ஜாவாக்காரனைப் பிடித்துப்போய், கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள். நம்ம மினாங்கபாவ் மண்ணில் மாப்பிள்ளைக்கா பஞ்சம் என்று குதித்த ஜமாரிஸ், குதித்த வேகத்தில், "இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார்.

ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அவர்கள் ஊரான கோத்தோ ரந்தாவில் வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிற சொத்து. புருஷன் என்பவன் மரியாதையாக உட்காரவைத்துச் சோறு போடப்படும் விருந்தாளி. அந்த விருந்தாளி வீட்டுச் சொந்தக்காரியைப் பார்த்து வெளியே போ என்கிறார்! அவர் மனைவி யுஸ்னிதாரின் அண்ணன், குலத்தலைவர், எல்லாரும் டத்துக் என்று கூப்பிடுகிற மனிதர், இதைத் தேநீர்க் கடையில் நடித்தே காட்டினார். ரஹ்மி மட்டும் சிரிக்கவில்லை. சுகெங்கையே கட்டிக்கொண்டு போனவள் போனவள்தான்.

பேரன் பிறந்தான். ஜமாரிஸுக்கு அவனைப் பார்க்க நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? பெருநாள் நெருங்கியபோது, அடுப்படியில் ரெண்டாங் கறி கிளறிக்கொண்டிருந்த மனைவியிடம் சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"பெருநாளைக்கு எல்லார் வீட்டுக்கும் பிள்ளைங்க வருதாம்ல."

"வருவாங்க."

"நம்ம வீட்டுக்கு?"

யுஸ்னிதார் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ வாங்கியிருக்கிறது கரண்ட்ல ஓடுற காரு. மலைப்பாதை ஏறி இங்க வந்துட்டா, திரும்பிப் போக சார்ஜ் பத்தாதாம். நம்ம பக்கம் எங்க போடுறது?"

அவ்வளவுதானே! ஜமாரிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளுக்குத் தன்மேல் கோபம் இல்லை. பேட்டரிக்குத்தான் தெம்பு இல்லை. அன்றைக்கே தீர்மானித்தார்: வீட்டுக்கு எதிரே சாலையோரமாகப் பொதுமக்களுக்கு ஒரு சார்ஜிங் நிலையம்.

பாடாங் நகரத்துக்குப் போய் விசாரித்தால், ஆசைக்கு ஏற்ற திட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது. மின்சார வாரியம் லைன் இழுத்துத் தரும், கம்பெனி இயந்திரம் வைக்கும், ஊர்ச் சபை தளமும் கூரையும் போடும், குலத்தார் இடம் கொடுப்பார்கள். லாபத்தைப் பங்கு போடுவதில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள். நஷ்டம் வந்தால் யார் தலையில் என்று கேட்டதும் ஆளுக்கு ஆள் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்கள். மின் வண்டி ஒன்றுகூட இல்லாத ஊரில் எதற்கு நிலையம் என்று கம்பெனிக்காரர் கேட்டார். ஒன்று வரும் என்றார் ஜமாரிஸ். ஒன்று போதுமா என்று அவர் கேட்டதற்கு, எனக்குப் போதும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

ஆக, கூட்டத்துக்கு மேல் கூட்டம். எல்லாம் பாடாங்கில். விடியலில் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார். டத்துக் இருக்கிறாரே, இவர் எதிரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மறுவாரமே குலத்தார் பேரில் ஒரு ஆட்சேபம் முளைக்கும். கூரை குலத்து நெற்களஞ்சியத்தை மறைக்கிறது என்பார். மறைக்காமல் வரைந்து வந்தால், இடத்தைக் குத்தகை என்று எழுதாதே என்பார். அடுத்த கூட்டத்துக்குத் தேதியும் அவரே குறிப்பார். இந்த மச்சானுக்கு என்னதான் வேண்டும் என்று ஜமாரிஸ் மண்டையை உடைத்துக்கொண்டார்.

ஆறுதல் யுஸ்னிதார்தான். கூட்டம் என்றால் அவளுக்கு அப்படி ஓர் உற்சாகம்! முதல் நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவாள். வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்து, "அவசரப்பட்டு வந்துடாதீங்க, நிதானமாப் பேசிட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து அனுப்புவாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை இப்படி யாரும் வழியனுப்பியதில்லை. திரும்பி வந்தால் கோழிக்குழம்பு, பலகாரம் என்று வீடே மணக்கும். தன் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

கடைசியில் ஜமாரிஸ் வென்றார். நஷ்டம் வந்தால் பாதி கம்பெனிக்கு, பாதி ஊர்ச் சபைக்கு என்று கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்துவிட்டார். திறப்பு விழாவுக்கு அதிகாரிகள் வந்தார்கள், டீசல் வண்டிகளில். ரிப்பன் வெட்டினார்கள், மின்சாரத்தின் பெருமையைப் பேசினார்கள், டீசல் வண்டிகளிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று முதல் ஜமாரிஸ் நிலையத்தை விட்டு நகரவில்லை. காலையில் இயந்திரத்தைத் துடைப்பார். சாலையைப் பார்ப்பார். லாரி போகும், வேன் போகும். அடுத்த வருஷப் பெருநாளும் வந்து போனது. ரஹ்மிக்குச் சொல்லிவிட்டாயா என்று மனைவியைக் கேட்பார். சொல்லியாச்சு என்பாள்.

யுஸ்னிதாரோ நாளுக்கு நாள் வாடினாள். அடுப்படியில் மணமே இல்லை. இன்னிக்குக் கூட்டம் எதுவும் இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் கூட்டமே கிடையாது என்று அவர் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருநாள் நிலையத்துக்கே வந்து பக்கத்தில் நின்றாள்.

"எங்கயாவது ஒரு நாள் போயிட்டு வாங்களேன். உங்க அக்கா வீட்டுக்காவது."

"நல்லாருக்கே! நான் போன நேரம் பார்த்து ரஹ்மி வந்துட்டா?"

அவ்வளவுதான், யுஸ்னிதார் தளத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தன் அம்மா செத்தபோதுகூட அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை. ஜமாரிஸ் பயந்துபோனார். காரில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

"காரு நல்லாத்தான் இருக்கு. அவதான் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னா. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் கார் மேல பழியைப் போட்டேன்." முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க பாடாங் போன ஒவ்வொரு நாளும் அவளும் மாப்பிள்ளையும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வேன்ல வந்தாங்க. அவ லீவு பார்த்துத்தான் அண்ணன் தேதி குறிச்சாரு. ஆட்சேபம் எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. ஊருக்கே தெரியும்."

ஜமாரிஸ் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டார். தான் சாப்பிட்டதெல்லாம் மகளுக்குச் சமைத்ததில் மிச்சம். பேரன் யார் ஜாடை, நடக்கிறானா, இதையெல்லாம் கேட்க வேண்டும் என்றிருந்தது. ஒன்றே ஒன்றுதான் வெளியே வந்தது.

"அப்புறம் இப்ப ஏன் வரல?"

"நீங்கதான் இதைக் கட்டி முடிச்சுட்டு வீட்டோட உட்காந்துட்டீங்களே."