புருவக் கடையில் ஓர் எண்ணெய்க்கிணறு

எண்ணெய்க்கிணறு அன்ரியைப் போல் ஒரு முதலாளி லண்டனில் இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. டெக்சாஸில் இருந்த தன் கிணற்றை அவர் ரெய்னர்ஸ் லேனில், பல்லில் நூலைக் கடித்தபடி, எங்கள் புருவங்களுக்கு மேலே குனிந்து நின்று நிர்வகித்தார்.

அவருடைய அழகுநிலையம் வீட்டுக் கராஜுக்குள் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி. அதற்கு மேலே, சாமிப் படங்களின் வரிசையில், சந்தனப் பொட்டு வைத்த கிணற்றின் படம். கடையைப் பெரிதாக்கச் சேர்த்த காசு முழுவதையும் அதில் ஒரு பங்குக்குப் போட்டிருந்தார். எவ்வளவு பெரிய பங்கு என்று யாரும் கேட்கவில்லை. சனம் "அன்ரியின்ர கிணறு" என்றது. அவரும் திருத்தவில்லை.

"உங்கட கிணத்தில வாற ஷேல் எண்ணெய் எண்டால் என்ன, அன்ரி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உம்மட மூக்கில கரும்புள்ளி இருக்கெல்லோ, அது மாதிரித்தான். மற்ற எண்ணெய் லேசில வரும். இது பாறைக்குள்ள இறுகிப்போய்க் கிடக்கும். தண்ணியும் மணலும் விட்டு அமத்தினால்தான் வெளியில வரும். அதுதான் இவ்வளவு செலவு."

அதற்குப் பிறகு எந்த நிபுணர் எண்ணெயைப் பற்றிப் பேசினாலும் எனக்கு என் மூக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

கலியாண வீடுகளில் அன்ரிக்கு முன்வரிசை. டாக்டர்மார் தேடிவந்து எண்ணெய் விலை விசாரிப்பார்கள். "இறங்கும், ஆனால் ஏறும்" என்பார். அவர்களும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். பெற்றோல் விலை ஏறி ஊரே திட்டித் தீர்த்த கிழமையில் அன்ரி கடையில் லட்டுக் கொடுத்தார். டாக்ஸி ஓட்டும் அவருடைய கணவருக்கும் ஒன்று கிடைத்தது. அந்த மனிதர் அதை வாயில் வைக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் நின்றார். மின்சாரக் கார் வாங்கலாமா என்று அவர் மெல்லக் கேட்டபோது, "எண்ணெய்க்காரி வீட்டு வாசலில வயர் தொங்க ஏலாது" என்று தீர்ப்பு வந்தது.

கிணற்றிலிருந்து முதல் வருடம் வந்த வருமானம் அடுத்த வருடம் பாதிக்கும் கீழே போனது. பாறையைத் திரும்ப உடைக்கப் பங்காளிகள் மேலும் பணம் போடவேண்டும் என்றது கம்பனி. அன்ரி பட்டுச் சேலை, தேங்காய், கற்பூரத்துடன் நேரே டெக்சாஸுக்குப் புறப்பட்டார். கிணற்றைச் சுற்றி வந்து கற்பூரம் கொளுத்தப் போனபோது, காவலாளி அலறிக்கொண்டு ஓடிவந்தாராம்.

"நெருப்புப் பெட்டியைப் பறிச்சுப்போட்டான். தேங்காயாவது உடைக்கலாமோ எண்டு கேட்டன். அதுக்கு ஓம் எண்டான். நல்ல பெடியன்."

அவர் திரும்பிவந்த சனிக்கிழமை கடை நிறைந்திருந்தது. வாடிக்கைக்காரியான சந்தா அக்கா பேச்சை எடுத்தார்.

"அன்ரி, உங்கட கம்பனிக்காரர் எனக்கும் போன் எடுத்தவை. மகளின்ர கலியாணக் காசு சும்மாதானே கிடக்குது, அதைப் போடலாம் எண்டு யோசிக்கிறன்."

இன்னும் இரண்டு பேர் தாங்களும் சேருவதாகச் சொன்னார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தால் அன்ரி மேற்கொண்டு பணம் போடத் தேவையில்லை என்று கம்பனி சொல்லியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

என் இடது புருவம் பாதியில் நின்றது. அன்ரி வாயிலிருந்த நூலை எடுத்தார்.

"ஒருத்தரும் போடாதேங்கோ. கிணறு வத்துது. அதில என்ர பங்கு ஒரு வாளி கூட வராது. பெருமைக்குச் சொல்லாமல் இருந்திட்டன். கடைக்கு வைச்சிருந்த காசும் அதோட போச்சுது."

அன்ரி நூலை மறுபடி கடித்து என் புருவத்தை முடித்தார். வளைவு கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அந்தப் புருவம் வெகுநாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் கடையைத் திறந்தபோது நாங்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றோம்.

"போன கிழமைதானே எடுத்தனான். இனி எடுக்க என்ன கிடக்கு?"

"எதுக்கும் ஒருக்காப் பாருங்கோ, அன்ரி" என்று சந்தா அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்ரி நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரேயொரு முடியைத் தேடிப் பிடித்து இழுத்தார். அன்று எங்கள் யாருடைய புருவத்திலும் வேலை இருக்கவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை.