தேவதூதனின் உபவாசம்

எபனேசர் வீட்டில் ஒரு கட்டளை போட்டிருந்தார். ஹாலில் இருக்கும் கடல்நீர்த் தொட்டிக்கு அவரைத் தவிர யாரும் இரை போடக்கூடாது. வீட்டில் இருப்பதே அவரும் மனைவி டோரிஸும்தான் என்பதால், கட்டளை யாருக்கு என்பதில் குழப்பமில்லை.

கொண்டாப்பூர் கடையிலிருந்து புதிதாக வந்த ரீகல் ஏஞ்சல் மீன், மஞ்சள் உடம்பில் நீலக்கோடு போட்ட மகா நாசூக்குக்காரன். தேவதூதன் என்று டோரிஸ் பேர் வைத்தாள். வந்த நாளாய் அது எதையும் வாயில் வைக்கவில்லை.

"ஒரு மட்டிச் சிப்பிய ஓடு பிளந்து வச்சிப் பாருங்களேன். எங்க தூத்துக்குடியில கடல் மீனு அதைக் கொத்தித் திங்கும்" என்றாள் அன்றே.

எபனேசர் விழுந்து விழுந்து சிரித்தார். "நக்கோ டோரிஸ், அதெல்லாம் வேணாம். இது சயின்ஸ். உங்க வீட்டு அடுப்படி இல்ல." மூன்று தலைமுறையாய் சிக்கந்தராபாத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் கடலைப் பற்றித் தெரியாதா என்ன.

ஜெர்மன் இரை போட்டார். பூண்டுச்சாறு தடவிப் போட்டார். மீன் முதுகைக் காட்டியது. கடலில் சும்மா இருந்த உயிரைக் கொண்டுவந்து பட்டினி போட்டுக் கொல்கிறோமே என்று புலம்பினார். குடும்ப ஜெபத்தில்கூட மீன் வந்தது.

"ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல நம்மள மாதிரி அதுவும் உபவாசம் போல" என்றாள் டோரிஸ். "கண்ணாடியில மூஞ்சிய ஒட்டிட்டு நின்னா அதுக்கு எப்படிப் பசிக்கும்? சாயங்காலம் அடுப்படியில இருங்க. பீன்ஸ் நறுக்குங்க."

நறுக்கினார். வாரக்கணக்கில் நறுக்கினார். மீன் அவர் போட்டதைத் தொடவும் இல்லை, இளைக்கவும் இல்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து குப்பையைக் கொட்டப் போனவர், காய்த்தோலுக்கு அடியில் மட்டி ஓடுகளைக் கண்டார். ஈஸ்டர் வரை வீட்டில் கவிச்சியே கூடாது என்று சட்டம் போட்டவள் டோரிஸ். அவளையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டதில், பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்தது.

"லெந்து நாள்ல யாரு மட்டி தின்னது?"

"உங்க தேவதூதன்தான். நீங்க ஆபீஸ் போனதும் வயிறு முட்டத் திங்குது. பொறகு உங்க ஜெர்மன் இரை எங்க இறங்கும்?"

"அப்ப நான் எதுக்கு பீன்ஸ் நறுக்கினேன்?"

"பொரியலுக்கு."

"சொல்லியிருக்கலாமே."

"முதல் நாளே சொன்னேன். சிரிச்சிய."

எபனேசருக்குச் சுருக்கென்றது. அன்று சிரிக்காமல் இருந்திருந்தால், அந்த மீன் முதல் வாய் இரையை அவர் கண்ணெதிரே தின்றிருக்கும். அதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் ஏங்கினார்.

"இன்னிக்கு நான் வைக்கிறேனே" என்று அவளிடம் கெஞ்சி ஒரு மட்டியை வாங்கித் தொட்டிக்குள் இறக்கினார். மீன் பவளத்துக்குப் பின்னால் ஒளிந்தது. டோரிஸ் பக்கத்தில் வந்து நின்றாள். மஞ்சள் மூக்கு மெல்ல எட்டிப் பார்த்தது. அவரைக் கண்டதும் திரும்ப மறைந்தது.

"அது வெளிய வரணும்னா நீங்க உள்ள போகணும்" என்றாள் டோரிஸ். "பீன்ஸ் மீதி இருக்கு."