மக்கு குப்பையை இங்கே போடவும்

ஒரு காட்டில் மரங்களைவிடக் குப்பை உயரமாக வளர்ந்துவிட்டது. தண்ணீர் பாட்டில், டீக் கப், பாலித்தீன் பை, பழைய சார்ஜர், அழுகின தக்காளி எல்லாம் ஒன்றுகூடி மலை மாதிரி நின்றன. அந்தக் குப்பைமேட்டின் காலடியில்தான் செல்லக்கிளியின் வளை. பேர்தான் செல்லக்கிளி, ஆள் கீரி. குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. வேறு இடம் தோண்டலாம் என்றால் சுற்றிலும் பாறை. மழை வந்தால் மேடு சரிந்து வளையை மூடிவிடும்.

அடித்துப் பிடித்துக்கொண்டு அரசு மண்டபத்துக்கு ஓடினாள்.

அந்தக் காடு ஒரு தனி மாநிலம். குப்பையே சேராமல் தடுக்கவும், சேர்ந்ததை மறுசுழற்சி செய்யவும் நீண்ட காலத்துக்கு ஒரு திட்டம் போடச் சொல்லியிருந்தார் சிங்கராஜா. தொலைநோக்குத் திட்டம் என்று பேர் வைத்துவிட்டதால், தூரப் பார்வை உள்ளவர்தான் தலைவராக வேண்டும் என்று கழுகாரைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிற எலியின் மீசை அவருக்குத் தெரியும். மேசைமேல் இருக்கிற டீ தெரியாது. இறக்கையால் துழாவித்தான் எடுப்பார்.

"ஐயா, மேடு சாயுதுங்க. மழைக்கு முன்னாடி எடுத்துடுங்க. உள்ள குட்டிங்க இருக்குதுங்க."

"எந்த மேடும்மா?"

"இதோ, ஜன்னலுக்கு வெளிய நிக்குதே, இதுதாங்க."

கழுகார் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

செயலாளர் நரி குறுக்கே வந்தது. "இந்தாம்மா, இது தொலைநோக்குத் திட்டம். பக்கத்துல இருக்கிறதெல்லாம் இதுல சேராது. உன் பேரன் பேத்தி காலத்துக்கு யோசிச்சுக்கிட்டிருக்கோம்."

"குட்டியே பிழைக்கலைன்னா பேரன் எங்கேருந்துங்க வருவான்?"

"நல்ல கேள்வி. அடுத்த கூட்டத்துல வைக்கிறோம்."

கூட்டத்துக்குக் குறைவே இல்லை. போன வருஷத்துத் திட்டத்துக்குப் புது அட்டை போட்டு வாசிப்பார்கள். கேட்டால், அதுவும் மறுசுழற்சிதானாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், 'குப்பையைத் தவிர்ப்போம்' என்று ஆளுயர பிளெக்ஸ். முடிந்ததும் நரி அத்தனையையும் வாரிக்கொண்டு போய் மேட்டின்மேல் கொட்டும். திட்டம் வளர வளர, செல்லக்கிளியின் தலைக்குமேல் மேடும் வளர்ந்தது.

கடைசியில் ஒரு வேலை நடந்தது. மக்கும் குப்பையைத் தனியாகப் போடச் சொல்லி ஒரு பலகை எழுதினார்கள். எழுதிய குரங்கு வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியதில் ஒரு 'ம்' விட்டுப்போய், 'மக்கு குப்பையை இங்கே போடவும்' என்று வந்துவிட்டது. மண்டபத்து வாசலில் கேட்பாரில்லாமல் கிடந்த அந்தப் பலகையைச் செல்லக்கிளி இழுத்துக்கொண்டு போனாள். படிக்கிறதுக்கா? மேடு சரியாமல் முட்டுக் கொடுக்கத்தான்.

மறுநாள் காலையில் கரடி குப்பைக் கூடையோடு வந்தது. பலகையைப் படித்தது. முகம் சிவந்துவிட்டது.

"யாரைப் பாத்து மக்குங்கிறே?"

"நான் ஒண்ணும் சொல்லலைண்ணே. அரசாங்கப் பலகை."

"நான் எட்டாவது பாஸு, தெரியுமில்ல?"

"அப்ப நீங்க போடாதீங்கண்ணே. யாராவது மக்கு வந்தா போடட்டும்."

கரடி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து நரி பிரியாணி மூட்டையோடு வந்து சேர்ந்தது.

"வாங்க செயலாளரே, போடுங்க, போடுங்க! உங்களைத்தான் எழுதியிருக்கு" என்று இளித்தது கரடி.

நரி மூட்டையைத் திரும்ப மண்டபத்துக்கே தூக்கிக்கொண்டு போனது. செல்லக்கிளி பலகையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தாள்.

அதன் பிறகு கூட்டத்துக் குப்பையெல்லாம் கூட்டம் நடந்த இடத்திலேயே சேர்ந்தது. கழுகாருக்குக் கிட்டப் பார்வைதான் இல்லை, மூக்கு இருந்ததே! நாற்றம் தாங்காமல் அலுவலகத்தையே எதிர்மலை உச்சிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அங்கே போய் உட்கார்ந்ததும் கழுகார் துள்ளி எழுந்தார்.

"யோவ் நரி! அதோ பாருய்யா, எவ்ளோ பெரிய குப்பைமேடு! கீழ ஒரு கீரிக் குடும்பம் வேற இருக்கு! இத்தனை நாளா ஒருத்தரும் சொல்லலையே?"

"தூரத்துலயா இருக்கு? அப்ப நம்ம திட்டத்துல வந்துடுங்கய்யா."

உடனே யானைகள் கிளம்பின. முதல் மழைத்துளி விழுமுன்னே ஒரு பை மிச்சமில்லாமல் அள்ளிவிட்டன. குட்டிகள் கண் திறந்தபோது வளை வாசலில் வெயில் அடித்தது.

"அள்ளினதை எங்கய்யா கொட்ட?" என்று யானைகள் கேட்டன.

"என் கண்ணுல படாத இடமாப் பாத்துக் கொட்டு" என்றார் கழுகார்.

யானைகள் கூடிப் பேசி, அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே கொட்டின. கழுகார் எட்டிப் பார்த்தார். காடு பளிச்சென்று இருந்தது.

நீதி: குப்பையை அப்புறப்படுத்த முடியாவிட்டால் அதிகாரிகளை அப்புறப்படுத்துங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் அவர்களுக்கு எல்லாம் தெரியும்.