தாலி கட்டும் நேரத்தில் சேனல் மாற்றியவர்

தாலி கட்டுகிற நேரத்தில் பரணிதரன் சேனலை மாற்றிவிட்டார்.

எட்டு மணி சீரியலில் அபூர்வாவின் கல்யாணம் பல மாதங்களாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் தாலி அவள் கழுத்தருகே வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்திருந்தாள் தேவகி. அதே நிமிஷத்தில், நாட்டு நடப்பைத் தான் பார்க்காவிட்டால் நாடு என்ன ஆகுமோ என்ற கவலை அவள் கணவர் பரணிதரனுக்கு வந்துவிட்டது. செய்திச் சேனலில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நாடு பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு அவர் திரும்பியபோது சீரியலில் பற்பசை விளம்பரம் ஓடியது. அதன் பிறகு 'தொடரும்'.

"தாலி கட்னானா இல்லியா?" என்று கேட்டாள் பிரேமா.

பிரேமா, பரணிதரனின் அக்கா. பல் வைத்தியத்துக்காகப் பள்ளிப்பட்டிலிருந்து வந்து தம்பி வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு பக்கமாக மெல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேசுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க தம்பியக் கேளுங்க அண்ணி," என்றாள் தேவகி. அன்றைக்கு அவள் பேசியது அதோடு சரி.

மறுநாள் காலையில் காபி வந்தது. டம்ளர் மேஜையில் இறங்கிய சத்தம் கேட்டு, மாடி வீட்டு சௌமியா என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பரணிதரனுக்கு அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை. அங்கே வருகிறவர்களிடம் 'தெரியாது' என்ற சொல்லைத் தாராளமாக வழங்குவார். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வரும்போது அந்தச் சொல் ஒன்றுகூட அவரிடம் மீதி இருப்பதில்லை.

"டிவிஆர் வாங்கிடலாம்," என்று அறிவித்தார். "டிவில ஓடறத அப்படியே புடிச்சி வெச்சிக்கும். எப்ப வேணும்னாலும் போட்டுப் பாத்துக்கலாம்."

"சௌமியா போன்லயே பாக்கறாளாம்," என்றாள் தேவகி, சுவரைப் பார்த்து.

"உள்ளங்கை அளவு படத்துல கல்யாணம் பாக்கறதா? எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

சும்மா இருப்பதில் தேவகிக்கு அப்போது ஒரு சிரமமும் இல்லை.

அன்று சாயங்காலமே அரக்கோணம் ரோட்டில் இருக்கும் டில்லிபாபுவின் கடைக்குப் போனார். ஊரில் பாதி வீடுகளுக்கு டில்லிபாபுதான் கேபிள் இணைப்பு கொடுத்திருக்கிறார். மிச்ச நேரத்தில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் திருட்டு பயத்துக்காகக் கேமரா மாட்டிக் கொடுப்பார். படம் வரவில்லை என்று யார் போன் செய்தாலும், மலைமேலிருந்து இறங்கி வந்த குரங்குகள் ஒயரைக் கடித்துவிட்டதாகச் சொல்வார். குரங்குகள் இதுவரை மறுத்ததில்லை.

"ஒரு டிவிஆர் குடுப்பா."

"எத்தினி கேமரா சார்?"

டிவியைப் பதிவு செய்ய எதற்குக் கேமரா என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். பரணிதரன் யோசிப்பதுபோல முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு போதும்."

"நாலா எடுத்துக்கங்க சார். நாலு பக்கமும் தெரியும்."

"நான் இன்னா கல்யாண மண்டபமா நடத்திகினு கீறேன்? ஒண்ணு போதும்ப்பா!"

ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு பெட்டியும் ஏணியுமாக வந்து வாசலில் நின்றார்.

"கேட்டப் பாத்தா மாரி வெச்சிடட்டா சார்? இல்ல, வண்டி நிக்கற எடத்தப் பாத்தா மாரியா?"

அந்தக் கணத்தில் பரணிதரனுக்கு விஷயம் விளங்கியது. டில்லிபாபு கடையில் டிவிஆர் என்றால் திருடனைப் பதிவு செய்கிற பெட்டி. சீரியலைப் பதிவு செய்கிற பெட்டி வேறு ஏதோ. 'தப்பா வாங்கிட்டேம்ப்பா, எடுத்துகினு போ' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் தேவகியும் பிரேமாவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஹால்ல வை. டிவிக்கு நேரா."

"டிவிய யாரு சார் திருடப் போறாங்க?"

"சொன்னதச் செய்யி. இது புது முறை."

"இன்னாடா புது முறை?" என்றாள் பிரேமா.

"டிவில வர்றத கேமரா பாத்துகினே இருக்கும்க்கா. நாம பாக்க வேண்டியதில்ல."

"அப்ப நாம எதுக்கு?"

நியாயமான கேள்விதான். பரணிதரன் ஏணியைப் பிடிக்கப் போய்விட்டார்.

சீரியல் எடுப்பவர்கள் கருணை உள்ளவர்கள். தாலியோடு நீண்ட கையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, மண்டபத்தில் இருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் நாள் கணக்கில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே தேவகிக்கு நம்பிக்கை இருந்தது. எட்டு மணிக்கு நிம்மதியாகத் தோசை வார்த்தாள். மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, அபூர்வா கழுத்துல டியூப்லைட் தொங்குது."

ஹாலின் விளக்கு டிவியின் கண்ணாடியில் விழுந்து அப்படியே பதிவாகியிருந்தது. மாப்பிள்ளை இருந்த இடத்தில் பிரேமாவின் கொண்டை இருந்தது.

"லைட்ட அணைச்சிட்டா சரியாப்பூடும்," என்றார் பரணிதரன்.

அன்றிலிருந்து எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. இருட்டில் ரசக் கிண்ணத்தோடு வந்த பிரேமா ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். ரசம், டிவிக்கு எதிரே உட்கார்ந்து பதிவை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த பரணிதரனின் மடியில் சேர்ந்தது. அவர் போட்ட கூச்சல் அபூர்வாவின் அழுகைக்கு மிகவும் பொருத்தமாக இருந்ததாகப் பதிவைப் பார்த்த தேவகி சொன்னாள். அது மட்டும்தான் காதில் விழுந்ததாம். மற்ற நேரமெல்லாம் ஃபேன் சத்தம்.

டில்லிபாபு மறுபடி வந்தார்.

"மைக் ஒண்ணு தனியா வெச்சிடறேன் சார். எறும்பு நடந்தாக்கூட கேக்கும்."

"வை. அப்பறம் இன்னொண்ணு. ஒவ்வொரு தபாவும் டிவி பின்னாடி ஒயரப் புடுங்கிப் புடுங்கி மாத்த வேண்டியதா கீது. அதுக்கு ஒரு வழி பண்ணு."

டில்லிபாபு மொட்டை மாடிக்குப் போனார். நெடுநேரம் கழித்துக் கையைத் தட்டிக்கொண்டே இறங்கி வந்தார்.

"கேபிள் லைன்லயே சேத்து வுட்டுட்டேன் சார். இனிமே ஒயர்ல கை வெக்க வேணாம். காலியா கெடந்த சேனல் ஒண்ணு உங்களுதுதான். அந்த நம்பரப் போட்டா கேமராவும் வரும், பழைய பதிவும் வரும். புரிதுங்களா?"

"ஆங், எனக்குத் தெரியும்," என்றார் பரணிதரன்.

மறுநாள் பிரேமா பல் டாக்டரிடம் போயிருந்தபோது தேவகி அந்தச் சேனலைப் போட்டாள். படம் துல்லியமாக இருந்தது. சத்தம் அதைவிடத் துல்லியம். அபூர்வா கண்ணைத் துடைத்துக்கொள்ள, அதற்கு மேல் பிரேமாவின் குரல் கேட்டது. பள்ளிப்பட்டில் இருக்கும் தன் கணவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மெல்றதுக்கு ஒண்ணுமே இல்லிங்க. எல்லாத்தயும் கூழாக்கித்தான் போடறா. பல்லு வலியத் தாங்கிக்கலாம், நாக்குக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?"

தேவகி டிவியை அணைத்தாள். மத்தியானம் பிரேமாவின் தட்டில் கஞ்சி இருந்தது. ராத்திரியும் கஞ்சி. மறுநாளும் கஞ்சி.

"இன்னா தேவகி, கஞ்சியாவே கீது?"

"மெல்லக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே அண்ணி."

பிரேமா தம்பியை ஹாலில் மடக்கினாள். தேவகி கடைக்குப் போயிருந்தாள்.

"அவளுக்கு சமையல் வராதுக்கா," என்று பரணிதரன் உருகினார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் விழுங்கிகினுதான் வரேன். எதுனா சொன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிப்பா. உனுக்குத் தெரியாதா என் பொழப்பு?"

பிரேமாவின் மனம் குளிர்ந்தது. துணி எடுக்க மாடிக்குப் போனாள். தேவகி கடையிலிருந்து திரும்பினாள். ஹால் அதேதான், பரணிதரன் வேறு.

"எங்கக்காவுக்கு வியாதி பல்லுல இல்ல தேவகி, வாயில. டாக்டர் மொத்தமாப் புடுங்கி வுட்டார்னா ஊருக்கே நிம்மதி. நாலு நாள் பொறுத்துக்கோ. உன் கைமணம் யாருக்கு வரும்?"

தேவகியின் மனமும் குளிர்ந்தது. தாலி கட்டும் நேரத்தில் சேனல் மாறிய நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவருக்கு இரண்டாவது காபி கிடைத்தது. அதைக் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு மட்டும் வேலை செய்ய அது என்ன சமையல்காரியா? பகலெல்லாம் விழித்திருக்கும் பெட்டி அது.

அழிக்க வேண்டும். எப்படி அழிப்பது என்று டில்லிபாபுவுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால், தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும்.

அன்று சாயங்காலம் ரிமோட்டோடு பெட்டி முன் உட்கார்ந்தார். பெட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார். இன்னும் ஏதோ கேட்டது. அதற்கும் ஆமாம். ஆபீசில் எந்தக் காகிதத்துக்கும் இவ்வளவு வேகமாக அவர் ஆமாம் சொன்னதில்லை. மணி எட்டாகிவிட, சீரியல் பார்க்க இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக ஒரு 'ஆமாம்' அழுத்தினார். டிவியில் அவரே தோன்றினார்.

"அவளுக்கு சமையல் வராதுக்கா," என்றார், முழுச் சத்தத்தில்.

பரணிதரன் ரிமோட்டைக் குலுக்கினார். சத்தம் கூடியது. ஓடிப்போய் டிவியை மறைத்துக்கொண்டு நின்றார். குரலை மறைக்க முடியவில்லை. "எங்கக்காவுக்கு வியாதி பல்லுல இல்ல தேவகி..." என்று முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் தொடர்ந்து பேசியது. 'ஊருக்கே நிம்மதி' என்ற இடத்தில் மின்சாரம் போயிருந்தால் பாதி தப்பித்திருப்பார். தேவையான நேரத்தில் போகும் பழக்கம் அதற்கு இல்லை.

அந்த நேரத்தில்தான் அபூர்வாவுக்குத் தாலி ஏறியது என்று பிற்பாடு சௌமியா சொன்னாள். மூன்று முடிச்சும் விழுந்ததாம். அந்த ஹாலில் அதை யாரும் பார்க்கவில்லை.

முதலில் எழுந்தவள் பிரேமா. கத்துவாள் என்று பரணிதரன் எதிர்பார்த்தார். அவள் தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னத மனசுல வெச்சிக்காத தேவகி. கஞ்சி நல்லாத்தான் இருந்திச்சி."

"இல்ல அண்ணி, நானும் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது," என்று தேவகியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா இல்லாத புள்ளன்னு தலை வாரி வுட்டு ஸ்கூலுக்கு அனுப்பிச்சேன். ரெண்டு நாக்கோட வளந்து கீறான். விடிஞ்சதும் நான் பள்ளிப்பட்டுக்குப் போறேன். இவன் இருக்கற வீட்ல இனிமே காலு வெக்க மாட்டேன்."

"அக்கா, பல்லு பாதில நிக்குதேக்கா..."

"சொத்தப் பல்லோடயே இருந்துட்டுப் போறேன்டா."

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனார். பிரேமா ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ப் பக்கம் நின்றிருந்த திருப்பதி பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும்போது பரணிதரன் கையை உயர்த்தினார். அவள் திரும்பவில்லை. உயர்த்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் கஞ்சி இருந்தது.

அதைக் குடித்துவிட்டு ஸ்டூலில் ஏறினார். கேமராவையும் மைக்கையும் பிடுங்கி, கண்ணில் பட்ட ஒயரையெல்லாம் வெட்டி, பெட்டியோடு பரண்மேல் எறிந்தார். ஹால் அமைதியானது. 'போகட்டும், நடந்தது நாலு சுவருக்குள் நடந்தது. ஆபீசுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது' என்று எண்ணியபோது கொஞ்சம் தெம்பு வந்தது. தலையைப் படிய வாரிக்கொண்டு, மறுநாள் காலை வழக்கம்போல ஆபீசுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் நின்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். டீ மாஸ்டர் குமரவேல், கேட்காமலேயே ஸ்பெஷல் டீ ஒன்றை ஆற்றிக் கொண்டுவந்து பவ்யமாக நீட்டினார்.

"இன்னா சார், நேத்துலேர்ந்து கேபிள்ல உங்க வீடு வரவே மாட்டேங்குது? எட்டு மணி சீரியலயே வுட்டுட்டு ஊரு மொத்தமும் அததான் பாத்துகினு இருந்திச்சி. அக்கா பள்ளிப்பட்டுலேர்ந்து திரும்பி வருவாங்களா மாட்டாங்களா, அத மட்டும் சொல்லிட்டு டீயக் குடிங்க சார்!"